சந்தை எங்கே? கட்டண வணிகச் சந்திப்புகளும் ஆரணிப் பட்டும்

ஆரணி நகரில் பட்டுத் தறியோடு தொடர்புடைய குடும்பங்களில் பிறந்து, கல்லூரியில் பட்டம் பெற்று, தந்தையார் செய்து வந்த தொழிலைத் தாமே ஏற்று நடத்த முன்வரும் இளைஞரை இன்று காண்கிறோம். நெய்த புடவையைக் காஞ்சிபுரத்துக் கடைக்காரரிடமும் சென்னைக் கடைக்காரரிடமும் ஒப்படைத்துவிட்டுப் பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழைய வழியை விட்டு, வாங்குவோரை நேரே அடைய வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. அத்தகையோரைக் கைப்பேசி வழியே ஓர் அழைப்பு வந்தடைகிறது. வேலூரிலோ சென்னையிலோ ஒரு விடுதி மண்டபத்தில் தொழில் நடத்துவோர் நூற்றுவர் கூடுவர், உணவு உண்டு, ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம் தொழிலைப் பற்றிப் பேசலாம், கட்டணம் இவ்வளவு. 'பிசினஸ் நெட்வொர்க்கிங் மீட்' என்று அழைப்பிதழில் இதனை அச்சிடுகின்றனர். நாம் இக்கட்டுரையில் வணிகச் சந்திப்பு என்றே குறிப்போம்.

செல்வதா, வேண்டாவா என்னும் வினா மேலோட்டமாகப் பார்ப்போர்க்குச் சிறிதாகத் தோன்றும். ஒரு தறி, இரு தறி வைத்திருக்கும் குடும்பத்திற்கோ அக்கட்டணம் பல நாள் உழைப்பின் பயன். வீட்டுப் பெரியவர்கள் 'பேசிக் கலைவதற்கும் பணமா?' என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகின்றனர். பிள்ளைகள் 'எல்லாரும் போகிறார்களே' என்று ஒரே சொல்லில் ஏற்றுவிடுகின்றனர். இரண்டும் ஆராயாது எடுத்த முடிவுகளே. அளந்து பார்த்து முடிவு செய்வதற்குரிய வழி ஒன்று உண்டு. அதனை விளக்குவதே நம் நோக்கம்.

பழைய வழக்கம்

வணிகர் கூடுவதற்குக் கட்டணம் வாங்குவது இக்காலத்தார் கண்டுபிடிப்பு என்று கருத வேண்டா. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னும் ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டினது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. அங்கு வந்து சேரும் மரக்கல நாயகர் முதலானோர், கஸ்தூரி விலைக்கு ஒத்த பொன்னாக ஆயம் செலுத்திய பின்னரே விரித்த பாவாடைமீது கால் வைக்கலாம் என்பது அதன் செய்தி. பாவாடை என்பது இங்கே வரவேற்கும் முகத்தான் நிலத்தில் விரிக்கும் துணி. கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நுழைவுக் கட்டணம் கண்டவர்கள் ஆவர்.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் (கி.பி. 849) அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிக அமைப்புகளைக் குறிக்கின்றன. அச்செப்பேட்டில் சான்று கையெழுத்திட்டோர் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் பெயர் எழுதியுள்ளனர். மேற்காசிய வணிகர் குழுவாகிய அவ்வஞ்சுவண்ணத்தைப் பின்னாளில் பல்சந்தமாலையும் போற்றுவதைத் தமிழ்த்துறை மாணவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இக்குழுக்களில் இடம் பெற்றவன் அடைந்த நன்மை யாது? வழிக்காவல், கிடங்கு, எடைக்கல்லின் உறுதி, அறியாத ஊரில் தன்னை அறிந்தோர் என்னும் பாதுகாப்பு. கொடுத்த பொன்னுக்கு ஈடாக அவன் பெற்றது இன்னதெனத் தெளிவாகத் தெரிந்தது. இன்றைய அழைப்பிதழிடமும் நாம் கேட்க வேண்டியது அதையே.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. மக்காவைத் துறந்து வெறுங்கையராய் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) என்னும் செல்வரோடு சகோதரராக இணைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ அவரை வாழ்த்தி, சந்தை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகாவினரின் சந்தையைக் காட்டினர். அங்கே நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கிய வணிகம் அவர்களை மதீனத்துப் பெருஞ்செல்வருள் ஒருவராக்கியது. அறிமுகம் அவர்களுக்கு அங்கே முன்னமே இருந்தது. அன்பான சகோதரர் ஒருவரே இருந்தார். எனினும் அவர்கள் நாடியது வாங்குவோர் கூடும் இடத்தை. அறிமுகமானோர் கூடும் இடம் வேறு, வாங்குவோர் கூடும் இடம் வேறு என்பதை இந்நிகழ்ச்சியைக் காட்டிலும் சுருக்கமாகச் சொல்ல நம்மால் இயலாது.

இக்காலச் சந்திப்புகளின் அமைப்பு

சிகாகோ நகரில் 1905ஆம் ஆண்டு பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கிய ரோட்டரி சங்கம், முதலில் உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியது, அதனாலேயே அப்பெயர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்னும் விதி அங்கே தோன்றியது. ரோட்டரி பின்னர்த் தொண்டு நெறியில் திரும்பிவிட்டது. அவ்விதியை வணிகப் பரிந்துரைக்கென்றே மீண்டும் எடுத்துக்கொண்டது, 1985இல் கலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்னும் அமைப்பு. இன்று தமிழகத்து நகரங்களிலும் அதன் கிளைகள் உள்ளன. ஆண்டுக் கட்டணம், வாரந்தோறும் கூட்டம், ஒருவர்க்கு மற்றவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைத்தல் என்பன அதன் முறை. இவ்வகையன்றி, ஒருநாள் மட்டும் கூடிக் கலையும் சந்திப்புகள் உள. வாங்குவோரையும் விற்போரையும் எதிரெதிரே அமர்த்தும் கூட்டங்கள் உள. கடை விரிக்கும் கண்காட்சிகளும் உள. நான்கையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் நேர்கிறது.

ஒரு தொழிலுக்கு ஓர் இருக்கை என்னும் விதியை ஆரணியில் பொருத்திப் பார்த்தால் சற்று வேடிக்கைதான். தெருவுக்குத் தெரு தறி ஓசை கேட்கும் ஊரில் பட்டுக்கென ஒரே ஓர் இருக்கை! அது கிடைத்தவர்க்கு நன்று. கிடைக்காதவர் வேறு தொழிலின் பெயரில் நுழைய வேண்டும். அல்லது வேறு ஊர்க் கிளையை நாட வேண்டும்.

ஒருநாள் சந்திப்பில் வேறொரு குறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் இங்கிராம், மைக்கேல் மாரிஸ் என்னும் இருவர், வணிகத் துறையினர் ஏறத்தாழ நூற்றுவரை ஒரு மாலை விருந்தில் கூட்டி, யார் யாரோடு பேசுகின்றனர் என்பதை மின்கருவி அணிவித்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். புதியவரைச் சந்திக்கவே வந்தோம் என்று முன்னர்ச் சொன்னவர்களே, அங்கு வந்ததும் முன்பே அறிந்தவரை நாடிச் சென்று பேசினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் ஊர்த் திருமண வீடுகளில் நடப்பதும் இதுவே அன்றோ? ஆயினும் சந்திப்புகளே வீண் என்று முடிப்பது தவறாகும். நெருங்கிய நண்பரைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகத்தார் வழியாகவே வேலை பற்றிய செய்தி மிகுதியும் கிடைக்கிறது என்று சமூகவியலார் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தொலைவிலுள்ளவர் அறிந்ததே நமக்குப் புதிது. ஆகவே புதியவரோடு பேசுவதற்கு உண்மையான மதிப்புண்டு. கூட்டத்தில் அது தானே நிகழ்ந்துவிடாது என்பதே இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

தறிக் கணக்கு

இனி ஆரணிக்கு வருவோம். பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்து தருவோர் ஒரு வகையினர். கூட்டுறவுச் சங்கத்தில் நெய்வோர் மற்றொரு வகையினர். தம் முதலில் நூல் வாங்கிப் பிறரையும் நெய்வித்து விற்போர் மூன்றாம் வகையினர். கூலிக்கு நெய்பவர் கையில் உள்ள புடவை அவருடையதன்று. அவர் விற்பது தம் உழைப்பை. அவர் கட்டணம் கட்டி மண்டபத்திற்குச் சென்று என்ன விற்பார்? முதலில் சொந்தமாக நூல் வாங்க முதலும், நெய்ததை விற்குமளவும் தாங்கும் வலிமையும் வேண்டும். அது வருமுன் இத்தகைய அழைப்பை அவர் ஒதுக்கிவிடலாம். சங்கத்து நெசவாளர்க்காகச் சங்கம் செல்ல வேண்டும். தனியொருவர் பணம் செலவிடத் தேவையில்லை. எஞ்சிய மூன்றாம் வகையினர்க்கே இக்கணக்கு.

எடுத்துக்காட்டாகக் கட்டணம் ரூ.5,000 என்று கொள்வோம். அதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, ரூ.900. பேருந்தும் வழிச் செலவும் ரூ.600. பெயரட்டையும் மாதிரிப் புடவைகளைக் கட்டி எடுத்துச் செல்லும் செலவும் ரூ.500. ஒருநாள் தொழில் மேற்பார்வை கெடுவதற்கு ரூ.1,000. ஆக மொத்தம் ரூ.8,000. (வரி எண் பெற்று முறையாகக் கணக்குக் காட்டுவோர் உரிய விலைப்பட்டியல் பெற்றால் ரூ.900ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.) நூல், ஜரிகை, கூலி எல்லாம் போகப் புடவை ஒன்றுக்கு ரூ.800 கையில் நிற்கிறது எனின், பத்துப் புடவை விற்றால் கட்டணம் மீளும். இவ்வளவில் கணக்கு முடிந்தது என்று பலரும் எண்ணுகின்றனர்.

முடியவில்லை. கைத்தறிக்கு ஓர் எல்லை உண்டு. வேலைப்பாட்டுக்கு ஏற்ப ஒரு புடவைக்கு நான்கைந்து நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை ஆகும். புதிய வாடிக்கையாளர் நூற்றுவர் வந்தாலும் தறி தன் அளவுக்கு மேல் தராது. தறிகள் முன்னமே கடைக்காரருக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன எனின், புதியவருக்கு விற்கும் புடவை கடைக்காரருக்குப் போயிருக்க வேண்டிய புடவையே. அப்போது இலாபமாகக் கொள்ளத்தக்கது முழு ரூ.800 அன்று, புதியவர் தரும் விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. புதியவர் புடவைக்கு ரூ.200தான் கூடுதலாகத் தருகிறார் என்றால் கட்டணத்தை மீட்க நாற்பது புடவை வேண்டும். ரூ.1,000 கூடுதலாகத் தந்தால் எட்டுப் புடவை போதும். தறி சும்மா கிடக்கும் காலத்தில் மட்டும் முழு இலாபத்தையும் கணக்கில் சேர்க்கலாம். பணம் கைக்கு வரும் காலத்தையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். விலை சிறிதே கூடினாலும் உடனே பணம் தரும் வாடிக்கையாளர், மூன்று மாதம் கழித்துத் தருபவரைவிட மேலானவர்.

சந்திப்பு நடத்துவோர் 'எங்கள் உறுப்பினரிடையே இத்தனை இலட்சம் வணிகம் நடந்தது' என்று அறிவிப்பதுண்டு. அது விற்றுமுதல், இலாபமன்று. பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் புடவையை விற்றவன் பன்னிரண்டாயிரம் ரூபாயைச் சம்பாதித்தவன் அல்லன் என்பதை நெசவாளர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆண்டு உறுப்பினராகச் சேர்வதாயின் கட்டணத்தைவிடக் காலமே பெருஞ்செலவு. வாரம் ஒருமுறை விடியலில் கூட்டம் எனின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது விடியல். ஆரணியிலிருந்து வேலூருக்கு முதற்பேருந்தைப் பிடிக்க வேண்டும். நெசவாளர்க்குக் காலைப்பொழுதே கண்ணொளி தெளிந்த பொழுது என்பதை நகரத்து அமைப்பாளர் அறியார்.

மண்டபத்தில் இருப்போர் யார்?

கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டிய முதல் வினா இது. நூற்றுவர் வருவர் என்பதில் பொருளில்லை. அவருள் எத்தனைபேர் வாங்குவோர்? நாம் கேட்டறிந்தவரை இத்தகைய பொதுச் சந்திப்புகளுக்கு வருவோருள் காப்பீட்டு முகவர், கணக்குத் தணிக்கையாளர், அச்சகத்தார், விளம்பரம் செய்து தருவோர், மனை விற்போர் மிகுதி. அனைவரும் விற்க வந்தவர்களே. விற்போர் மட்டும் கூடிய சந்தையில் வாங்குபவன் ஒருவனே: கட்டணம் கொடுத்தவன்.

ஆனால் பட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பட்டுப் புடவையை மிகுதியாக வாங்குவது திருமண வீடு. திருமணம் உறுதியானதும் அவ்வீட்டார் முதலில் யாரைச் சந்திக்கின்றனர்? மண்டபத்து உரிமையாளர், நகைக் கடைக்காரர், அழைப்பிதழ் அச்சிடுவோர், சமையல் ஒப்பந்தக்காரர், புகைப்படக்காரர், மணமகளை அலங்கரிப்போர். இவர்கள் ஒருவரும் பட்டு வாங்கமாட்டார்கள்; எனினும் வாங்குவோரை நமக்கு முன் பார்ப்பவர்கள். வருவோர் பட்டியலில் இவர்கள் ஐந்தாறு பேர் இருப்பின் அந்தச் சந்திப்பு ஆரணி நெசவாளர்க்கு ஏற்றது. ஒருவரும் இல்லையேல், ஐந்நூறு பேர் வந்தாலும் ஏற்றதன்று. பட்டியலைத் தர மறுக்கும் அமைப்பாளரிடம் சென்ற கூட்டத்திற்கு வந்தோர் இருவரின் எண்ணையாவது கேட்டு, 'மீண்டும் சென்றீர்களா?' என்று வினவலாம். அதற்கும் தயங்குவாராயின் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது நலம்.

தோல் தொழிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதித் தோல் வணிகர் சென்னையில் 1980களில் தொடங்கிய இந்தியப் பன்னாட்டுத் தோல் கண்காட்சிக்குப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்வதன் காரணம், அங்கு வருவோர் தோலையும் காலணியையும் வாங்கும் தொழிலிலேயே உள்ளவர் என்பதாம். பட்டுக்கும் கைத்தறிக்கும் அத்தகைய தொழில்சார் கூட்டங்கள் உண்டு. சென்னையில் 1965 முதல் இயங்கும் கைத்தறி ஏற்றுமதி வளர்ச்சிக் கழகமும், இந்தியப் பட்டு ஏற்றுமதி வளர்ச்சிக் கழகமும் வாங்குவோர், விற்போர் சந்திப்புகளை நடத்துகின்றன. புதுதில்லியில் 2024, 2025 ஆண்டுகளில் நடைபெற்ற பாரத் டெக்ஸ் கண்காட்சி நாட்டின் நெசவுத் துறை முழுமைக்குமானது. சிறு தொழிலினர் கண்காட்சியில் கொடுக்கும் இட வாடகையின் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் அரசுத் திட்டங்களும் உள; திருவண்ணாமலை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். தனியார் சந்திப்புக்குப் பணம் கட்டுமுன் இவ்வாயில்களைத் தட்டிப் பார்த்தோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது தக்கது.

மார்க்கக் கண்ணோட்டம்

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பொறுப்பு. நாம் சிந்தனைக்குச் சில சொல்வோம். இடத்திற்கும் உணவிற்கும் ஏற்பாட்டிற்கும் பணம் கொடுப்பது கூலி கொடுப்பதை ஒத்தது. 'இத்தனை ஆர்டர் நிச்சயம்' என்று சொல்லிப் பணம் வாங்குவது வேறு. கையில் இல்லாததை, வருமா என்று தெரியாததை விற்பது அது. பரிந்துரைத்தவர்க்குத் தரகு கொடுப்பதாயின் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். இவற்றைவிட நுட்பமானது பரிந்துரை என்னும் கடமை. உறுப்பினர் என்பதற்காகவே, வேலையை நாம் கண்டறியாத ஒருவரை 'நல்லவர், நம்பலாம்' என்று பிறரிடம் சொல்ல நேரும். அது சாட்சியம் போன்றது. அறியாததை அறியேன் என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்து எந்தக் குழுவிலும் சேர வேண்டா. கூட்டம் வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும், இரவில் கடைசிப் பேருந்துக்குள் திரும்ப இயலுமா என்று பெண் தொழில்முனைவோர் எண்ணிப் பார்ப்பதும் இயல்பே.

போகாமல் இருப்பதிலும் இழப்புண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சந்தையை நோக்கி வரும் வணிகக் கூட்டத்தாரை வழியிலேயே எதிர்கொண்டு பொருளை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை அறியாதவர் குறைந்த விலைக்குக் கொடுத்து ஏமாறுவர் என்பதே காரணமென அறிஞர் விளக்குவர். ஆரணியை விட்டு வெளியே வராமல், வருகின்றவர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் நெசவாளர் அவ்வாறு வழியில் மறிக்கப்பட்ட வணிகரே ஆவார். ஆரணியில் நெய்தது காஞ்சிப் பட்டு என்னும் பெயரில் விலைபோகிறது என்று நெய்வோர் வருந்திச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தம் புடவை சென்னையில் என்ன விலைக்கு விற்கிறது, எப்பெயரால் விற்கிறது, எந்த நிறத்தை மணமக்கள் கேட்கின்றனர் என்பதை அறிந்து வருவதற்காகவே ஒருமுறை செல்வது தகும். ஆனால் அதற்குக் கட்டணக் கூட்டம் வேண்டுமா, தியாகராய நகர்க் கடைவீதியில் ஒருநாள் நடந்தால் போதாதா என்பதையும் எண்ணுக.

செல்வது என்று முடிவு செய்தோர்க்குச் சில. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அக்குறியீட்டைப் பயன்படுத்த நெய்வோர் தம் பெயரை உரிமம் பெற்ற பயனராகப் பதிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் அட்டை புடவையில் இருப்பின், புதியவரிடம் 'இது தூய பட்டுதானா?' என்ற வினாவுக்கு விடை சொல்லிக் களைக்க வேண்டுவதில்லை. இவ்விரண்டும் இல்லாமல் கட்டணக் கூட்டத்திற்குச் செல்வது நெய்யாத பாவைக் கடைக்கு எடுத்துச் செல்வது போலாம். அந்த ரூ.8,000ஐ முதலில் இவற்றுக்குச் செலவிடலாம். புடவைகள் பத்து வேண்டா. நன்றாக நெய்தவை மூன்று போதும். ஒரு நிமிடப் பேச்சில் குடும்ப வரலாறு சொல்லாது, எத்தனை தறி, மாதம் எத்தனை புடவை, எந்த விலை முதல் எந்த விலை வரை, எத்தனை நாளில் தர இயலும் என்பவற்றைச் சொல்லுக. கேட்பவர் நினைவில் நிற்பவை இவையே. முன்பின் அறியாத மூவரோடு பேசாமல் உணவு மேசைக்குச் செல்வதில்லை என்று உறுதி கொள்ளுக. திரும்பிய மூன்று நாட்களுக்குள், பேசியவர்களுள் பயன்படக்கூடியவர்க்கு மட்டும் புடவையின் படமும் விலையும் அனுப்புக. அனுப்பாதவன் கட்டணத்தில் பாதியை உணவாக உண்டு வந்தவன்.

ஒரே தெருவில் உள்ள நான்கு குடும்பத்தினர் செலவைப் பகிர்ந்து ஒருவரை அனுப்புவதும் உண்டு. அவர் நால்வரின் புடவையையும் கொண்டு செல்வார். வரும் ஆர்டரைத் தறி ஓய்வாக இருப்பவருக்குக் கொடுப்பார். இதற்கு முன்கூட்டியே எழுதிக்கொண்ட உடன்பாடு வேண்டும்: எந்தப் புடவைக்கு என்ன விலை, ஆர்டர் யாருக்கு முதலில், செலவு எவ்வாறு பிரியும் என்று. கடன், தவணை பற்றிய கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் வலியுறுத்தியிருப்பதை உறவினரிடையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். செலவும் வரவும் ஒரு குறிப்பேட்டில் ஏறிவரின், ஓராண்டு கழித்து அடுத்த கட்டணத்திற்கான அழைப்பு வரும்போது அதற்கு விடை அக்குறிப்பேட்டிலேயே இருக்கும்.